குண்டு பல்பு

— மறுபடியும் மேல போச்சு சார்.

— எவ்வளவு மேல, டீச்சர்?

— குறி அட்டைய விட்டே வெளில. பின்னாடி மண்மேட்டுல புழுதி கிளம்பிச்சே, பாக்கலையா?

— பாத்தேன். மண்மேடு தும்முதுன்னு நெனச்சேன்.

— சிரிக்காதீங்க. மேகசினக் கழட்டுங்க. துப்பாக்கிய மேசைல வையுங்க, வாய் அந்தப் பக்கம் பாத்து. நேத்து பத்துக்கு ஒன்பது வட்டத்துக்குள்ள போட்டீங்க. இன்னைக்கு அஞ்சுக்கு ரெண்டு. என்ன ஆச்சு உங்களுக்கு?

— என்ன ஆச்சா? இன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு எனக்கு ரிட்டயர்மெண்ட் விழா ஆச்சு. அதோ பாருங்க, நாற்காலி இறக்கறாங்க. இருநூறு நாற்காலி. என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை போடல. சரி, அந்தக் கம்பத்துல ஒருத்தன் ஏறி என்னமோ மாட்டறானே, அது என்னன்னு தெரியுதா?

— பல்பு.

— சாதா பல்பு இல்ல, குண்டு பல்பு. இப்பல்லாம் கடைல கிடைக்கறதே இல்லையாம். நம்ம ஸ்டேஷன் பசங்க ஏழு கடை ஏறி இறங்கி வாங்கிட்டு வந்திருக்காங்க. 'சார், கடைசி நாள், அன்னைக்கு மாதிரியே இன்னொரு தடவை பல்ப சுட்டுக் காட்டணும்'னு ஒரே பிடிவாதம். எல்லாம் அன்பு டீச்சர். உங்க ஆயுதக் கிடங்குல அன்பு மாதிரி ஆபத்தான சாமான் ஒண்ணுகூட கிடையாது.

— பதினஞ்சு மீட்டர்தான் சார். நேத்து ஒன்பது தடவை அடிச்ச வட்டம் அந்தப் பல்பவிடக் கொஞ்சம்தான் பெருசு.

— நேத்து பாத்துட்டு இருந்தது நீங்களும் ரெண்டு காக்காவும். இன்னைக்கு என் மச்சினன் வேற வர்றான்.

— சரி. கண்ணாடியப் போடுங்க, காதை மூடுங்க. இந்த மேகசின்ல அஞ்சு இருக்கு. சிலது நிஜக் குண்டு, சிலது டம்மி. எது எதுன்னு எனக்குத்தான் தெரியும்.

— இது அந்த மானத்த வாங்கற விளையாட்டுதானே?

— அதேதான். சுடுங்க.

— இதோ.

— ம், இது நிஜம். உள்ள போயிடுச்சு. அடுத்தது... ஆங், பாத்தீங்களா? குண்டே இல்ல, சத்தமே வரல, துப்பாக்கி மூக்கு மட்டும் வானத்தப் பாக்குது!

— மரியாதைக்கு எந்திரிச்சு நின்னுடுச்சு போல.

— வெடிக்கப் போகுதுன்னு உங்க கை முன்கூட்டியே பயப்படுது. உள்ளங்கை அடிப்பக்கத்தால தள்ளுறீங்க, அதான் மேல மேல போகுது. வெடிச்சதுக்கு அப்புறம் கை எகிறினா தப்பில்ல. வெடிக்கறதுக்கு முன்னாடியே எகிறினா அது பயம்.

— முப்பத்திநாலு வருஷ போலீஸ் சர்வீஸ் டீச்சர். நான் போலீஸ்காரன்ங்கற தகவல் என் கைக்கு மட்டும் இன்னும் வந்து சேரல. நம்ம ராசி அப்படி.

— ராசிய விடுங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க.

— எனக்கு அம்பத்தெட்டு வயசு. ஒப்பிக்கச் சொல்றீங்களே.

— சொல்லுங்க.

— காலு ரெண்டும் தோள் அகலம். முட்டி லேசா தளரணும். பிடி கெட்டியா இருக்கணும், ஆனா கழுத்த நெரிக்கற மாதிரி இருக்கக் கூடாது. குழல் நுனில இருக்கற முன் சைட் தெளிவா தெரியணும், பல்பு மங்கலாத் தெரிஞ்சாப் போதும். மூச்ச பாதி விட்டு நிறுத்தணும். ட்ரிகர்ல விரல் நுனி மட்டும். நேரா, மெதுவா, பின்னாடி. எப்போ வெடிக்கும்னு எனக்கே தெரியக் கூடாது. வெடிச்ச அப்புறமும் ஒரு நொடி அப்படியே நிக்கணும். போதுமா?

— ஒண்ண விட்டுட்டீங்க.

— சுடணும்னு முடிவு பண்ற வரைக்கும் விரல் ட்ரிகருக்கு வெளில.

— அதுதான் முதல் பாடம். அத முதல்ல சொல்லணும்.

— நான்தான் அத கடைசியாக் கத்துக்கிட்டேனே. பத்தொன்பது வருஷம் லேட்டா.

— சார், நான் ஒண்ணு கேக்கலாமா?

— நாலு மாசமாக் கேக்காம இருந்தீங்க. இன்னைக்காவது கேளுங்க.

— தினமும் காலைல ஆறு மணிக்கு வந்துடறீங்க. மழைல ஒரு நாள் குடையோட வந்தீங்க. வெறும் துப்பாக்கி மேல காசு வச்சுக்கிட்டு, அது விழாம ட்ரிகர் இழுக்கப் பழகினீங்க. முதல் வாரம் காசு விழுந்து விழுந்து, எங்க பசங்க இங்க உண்டியல் திறந்திருக்காங்களான்னு கேட்டாங்க.

— வீட்லயும் பழகினேன். துப்பாக்கி இல்லைன்னு டி.வி. ரிமோட்ட ரெண்டு கைலயும் பிடிச்சு, சுவர்க் கடிகாரத்தக் குறி பாத்து, மூச்ச அடக்கிட்டு நின்னேன். வீட்டுக்காரி பத்து நாள் பொறுத்தா. பதினோராம் நாள், 'அதுல பேட்டரி போச்சா, இல்ல உங்களுக்கா'ன்னு கேட்டுட்டா.

— அதான் கேக்கறேன். இந்த மாவட்டத்துலயே பேர் போன குறிக்காரர் நீங்க. பதினஞ்சு மீட்டர்ல எரியற பல்ப ஒரே குண்டுல அணைச்சவர். அவர் என்கிட்ட வந்து துப்பாக்கிய எப்படிப் பிடிக்கறதுன்னு கேட்டாரு. வயசாச்சு, கை தளர்ந்துடுச்சு போலன்னு நெனச்சு நானும் பேசாம இருந்துட்டேன். ஆனா இது வயசு இல்ல சார். நீங்க கத்துக்கவே இல்ல, அதுதான் விஷயம்.

— கண்டுபிடிச்சுட்டீங்க. வயசு மேல பழியப் போட்டுத் தப்பிச்சுடலாம்னுதான் இருந்தேன். சொல்றேன். கதவு சாத்தியிருக்கா?

— இது திறந்தவெளி சார்.

— அப்போ மெதுவாச் சொல்றேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி, அன்னைக்கு சாயங்காலம் ஏழு மணி. மருந்துக்கடை, ஷட்டர் பாதி இறங்கியிருக்கு. உள்ள ஒருத்தன், கல்லாவுல இருந்த அம்மா கழுத்துல கத்திய வச்சுக்கிட்டு நிக்கறான். நாங்க நாலு பேர் போனோம். நான்தான் முன்னாடி. வீரம்னு நெனைச்சுடாதீங்க. மத்த மூணு பேரும் எனக்கு முன்னாடியே பின்னாடி போயிட்டாங்க.

— சரி.

— துப்பாக்கிய எடுத்தேன். எடுத்ததும் விரல் நேரா ட்ரிகர் மேல. காலக் குறி பாக்கலாமா, கையக் குறி பாக்கலாமான்னு யோசிச்சிட்டு இருக்கேன். அவன் ஒரு ஸ்டூல எட்டி உதைச்சான். அது டமார்னு விழுந்துச்சு. நான் திடுக்குன்னு ஆனேன். அவ்வளவுதான்.

— அவ்வளவுதான்னா?

— வெடிச்சுடுச்சு. நான் சுடல டீச்சர், அதுவா வெடிச்சுது. அதுக்கு முன்னாடியே கண்ண மூடிட்டேன். திறந்து பாத்தா ஒரே இருட்டு. செத்தாச்சுன்னு நெனச்சேன்.

— யாரு, அவனா?

— நான். அப்புறம் எங்கயோ கண்ணாடி நொறுங்கற சத்தம் கேட்டுச்சு. அந்தம்மா எங்க இருக்காங்கன்னு தெரியல. உயிரோட இருக்காங்களா, அதுவும் தெரியல. அவங்களைத் தேடி உள்ள ஓடினேன். படி தடுக்குச்சு. விழுந்தேன். விழுந்த இடத்துல அவன் இருந்தான். அப்போ நான் தொண்ணூத்திமூணு கிலோ. அவன் அதுக்கப்புறம் எந்திரிக்கவே இல்ல.

— 'சமயோசிதமாக விளக்கைச் சுட்டு அணைத்து, இருளைப் பயன்படுத்திப் பாய்ந்து மடக்கினார்.'

— அந்த அறிக்கைய நீங்க படிச்சிருக்கீங்களா!

— பயிற்சிப் பள்ளில எங்களுக்கு அது பாடம் சார். பரீட்சையே எழுதியிருக்கேன்.

— எத்தனை மார்க்?

— பத்துக்கு எட்டு.

— பரவாயில்லையே. அந்தப் பாடத்துல எனக்கு முட்டை.

— அறிக்கைய யாரு எழுதினது?

— பெரிய அதிகாரி. கையெழுத்து மட்டும் நான். சொல்லிடலாம்னுதான் போனேன். அவரு கட்டிப் பிடிச்சாரு, மூச்சு முட்டிடுச்சு. விட்டதும் ஃபோட்டோ எடுத்தாங்க. அடுத்த நாள் என் பொண்ணு வந்து, ஸ்கூல்ல எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்கப்பான்னா. அந்த முகத்தப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? அப்புறம் மெடல். அப்புறம் பேரு. 'பல்பு சார்.' எல்லாரும் மரியாதையாத்தான் கூப்பிடறாங்க. பல்பு வாங்கறதுன்னா என்ன அர்த்தம்னு எனக்கு மட்டும்தான் ஞாபகம் வரும். நீங்க சிரிக்கலாம் டீச்சர். சிரிக்கத்தான் சொல்றேன்.

— சிரிப்பு வருது. நீங்க இன்னும் முடிக்கல.

— ம். ஒண்ணு பாக்கி இருக்கு. அந்தம்மா அந்தப் பல்புக்குக் கிட்டத்தட்ட நேர் கீழ நின்னுட்டு இருந்தாங்க. என் குண்டு மேல போச்சு, சரி. கொஞ்சம் கீழ போயிருந்தா? அத என்னால சிரிச்சுக்கிட்டு சொல்ல முடியல. யாராவது வந்து பெருமையாக் கை குலுக்கறப்போல்லாம் அந்தம்மா தலைதான் கண்ணு முன்னாடி நிக்கும். நாலு மாசத்துல ரிட்டயர்டுன்னு லெட்டர் வந்தப்போ உங்ககிட்ட ஓடி வந்தேன். சர்வீஸ விட்டுப் போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை, நான் நெனச்ச இடத்துக்கு ஒரு குண்டு போகணும். வேற ஒண்ணும் வேணாம்.

— சரி.

— வெறும் 'சரி'தானா?

— காதை மூடுங்க. அஞ்சு மீட்டர்லேர்ந்து மறுபடி ஆரம்பிக்கலாம். முதல்ல அஞ்சு, அப்புறம் பத்து, அப்புறம் பதினஞ்சு. மணி ஒன்பதுதான் ஆகுது.

— எனக்கு ஒரு யோசனை. விழால மைக் கொடுப்பாங்க இல்ல? சுடறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் போட்டு உடைச்சுடறேன். உண்மைய சொன்ன மாதிரியும் ஆச்சு, சுட வேண்டியதும் இல்ல.

— இதுல எது காரணம்?

— பாதிப் பாதி.

— சுட்டுட்டுச் சொல்லுங்க சார். முன்னாடி சொன்னா அது சாக்கு. அடிச்சதுக்கு அப்புறம் சொன்னாத்தான் உண்மை.

— அடிக்கலன்னா?

— சொல்லவே தேவையில்ல. எல்லாருக்கும் தானாத் தெரிஞ்சுடும்.

*

— இங்க உக்காருங்க சார். கிடங்குக்குள்ள யாரும் வர மாட்டாங்க. டீயக் குடிங்க. கை எப்படி நடுங்குது பாருங்க.

— இப்போ நல்லா நடுங்கட்டும். அப்போ நடுங்கலையே, பாத்தீங்களா?

— பாத்தேன். முதல் குண்டு.

— முதல் குண்டு டீச்சர்! மூணு கொடுத்தாங்க, ரெண்டு மிச்சம். எப்போ வெடிச்சுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியல. முன் சைட் தெரிஞ்சுது, மூச்சு நின்னுச்சு, இருநூறு நாற்காலியும் காணாமப் போச்சு. அப்புறம் பாத்தா கம்பத்துல ஹோல்டர் மட்டும் தொங்குது. கண்ணு திறந்தே இருந்துச்சு!

— வெடிச்ச அப்புறம் ஒரு நொடி அப்படியே நின்னீங்க. எனக்கு அதுதான் பிடிச்சுது.

— என் மச்சினன் முகத்தப் பாத்தீங்களா? அதுக்காகவே இன்னொரு சர்வீஸ் பாக்கலாம்.

— ஆனா மைக்ல பேசினீங்களே சார்...

— அதப் பேசாதீங்க. உங்க யோசனைதான் அது. ஒண்ணு விடாமச் சொன்னேன். விரல் வச்சது, திடுக்கிட்டது, கண்ண மூடினது, தடுக்கி விழுந்தது. வரிக்கு வரி கைதட்டு! விசில் வேற. தொண்ணூத்திமூணு கிலோன்னு சொன்னப்போ பின் வரிசைல ஒருத்தன் நாற்காலிலேர்ந்து விழுந்துட்டான். கடைசில இப்போ இருக்கற பெரிய அதிகாரி எந்திரிச்சு, 'என் வாழ்நாள்ல இப்படி ஒரு தன்னடக்கத்தப் பாத்ததில்ல'ங்கறாரு.

— என் தப்புதான். ஒத்துக்கறேன்.

— இப்போதான் எல்லார் கண்ணு முன்னாடியும் பல்ப உடைச்சேன். உடைச்ச கையோட, போன தடவை உடைஞ்சது தற்செயல்னு சொன்னா எவன் நம்புவான்? நாலு மாசம் விடியக்காலைல எந்திரிச்சு, வேர்வை சிந்தி, என் பொய்க்கு நானே சாட்சி சொல்லிட்டு வந்திருக்கேன். நம்ம ராசி அப்படி.

— யாரோ கதவு தட்டறாங்க. ஒரு பெரியம்மா.

— தம்பி, உள்ள வரலாமா? வாசல்ல இருந்தவர் விடமாட்டேன்னாரு. ரத்த அழுத்த மாத்திரை போடணும், தண்ணி வேணும்னு பொய் சொல்லிட்டு வந்தேன். மாத்திரை காலைலயே போட்டாச்சு.

— வாங்கம்மா, வாங்க! டீச்சர், இவங்கதான் அந்த மருந்துக்கடை அம்மா. முன் வரிசைல உக்காந்திருந்தாங்க.

— வாங்கம்மா. இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— நல்லா இரும்மா. தம்பி, நீங்க பேசினப்போ எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. நீங்க சொன்னத நான் நம்பறேன்.

— ஒருத்தராவது நம்பினீங்களே! அம்மா, உங்ககிட்ட நான் மன்னிப்பு கேக்கணும். பத்தொன்பது வருஷமா...

— இருங்க. நானும் அதே கேக்கத்தான் வந்திருக்கேன். நான் முதல்ல சொல்லிடறேன், இல்லன்னா தைரியம் போயிடும். நீங்க சொன்னதுல ஒண்ணு மட்டும் தப்பு.

— எது? படி தடுக்கி விழுந்ததா? சத்தியமா விழுந்தேம்மா.

— அது சரிதான். எனக்கே கேட்டுச்சே. 'ஐயோ அம்மா'ன்னு கத்திக்கிட்டே விழுந்தீங்க.

— அறிக்கைல அது 'உரத்த எச்சரிக்கைக் குரல் எழுப்பி'ன்னு இருக்கு சார்.

— டீச்சர், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. எதும்மா தப்பு?

— உங்க குண்டு எங்க போச்சுன்னு சொன்னீங்க இல்ல, அது. இடது பக்க அலமாரி, மூணாவது தட்டு. இருமல் டானிக். பதினோரு பாட்டில் நொறுங்கிப் போச்சு. ஒரு மாசம் கடையெல்லாம் அந்த வாசனை, வர்றவங்கள்லாம் இங்க யாருக்கு இருமல்னு கேட்டாங்க. பின்னாடி சுவத்துல ஓட்டை வேற. நான் அதுமேல ஒரு காலண்டர மாட்டிட்டேன்.

— மூணாவது தட்டா? அது மேலயே இல்லையே. அது... உங்க தலை உயரமாச்சே.

— ஒரு முழம் தள்ளி.

— அம்மா...

— தம்பிக்கு முகம் வெளுத்துடுச்சு. அந்த டீய எடுத்துக் கொடும்மா. சக்கரை போட்டிருக்கா? சரி, இன்னைக்கு ஒரு நாள் குடிக்கட்டும். தம்பி, என்னைப் பாருங்க. நான் இருக்கேன். எழுபத்தொரு வயசு. மூட்டு வலியத் தவிர ஒண்ணும் இல்ல.

— ஒரு முழம்... நான் பல்புன்னு நெனச்சே இத்தனை வருஷம் தூங்கல. இது தெரிஞ்சிருந்தா...

— அதான் சொல்லல.

— இருங்கம்மா, எனக்குப் புரியல. சார் சுட்டது ஒரே குண்டு. அது டானிக் பாட்டில்ல போச்சுன்னா, பல்ப உடைச்சது எது?

— அதுக்குத்தான் வர்றேன்மா. அன்னைக்கே சொல்லத்தான் ஷட்டருக்கு வெளில வந்தேன். இவரைத் தோள்ல தூக்கி வச்சிருக்காங்க. இவரு அழறாரு, குழந்தை மாதிரி. சந்தோஷத்துல அழறாருன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்குப் பாக்க அப்படித் தெரியல. நாலு போலீஸ்காரங்க வந்தீங்க. இருட்டான உடனே மூணு பேர் ரோட்டுலயே நின்னுட்டாங்க. இவரு ஒருத்தர்தான் உள்ள வந்தாரு. இவருகிட்டப் போய், 'நீங்க இல்ல, நான்தான்'னு எப்படிம்மா சொல்றது? நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். மறுநாள் பேப்பர்ல வந்துடுச்சு. அப்புறம் மெடல். மெடல் குத்தினதுக்கு அப்புறம் போய்ச் சொன்னா அது மருந்தா, விஷமா?

— நீங்கதான்னா... எதம்மா நீங்க?

— அவன் என்னைச் சுவத்தோட வச்சு அழுத்தியிருந்தான் தம்பி. வலது கை மட்டும் சும்மா இருந்துச்சு. அந்தக் கல்லாவுல நான் இருபத்திரெண்டு வருஷம் உக்காந்தவ. தினமும் கடை அடைக்கறப்போ ஒரு கைல சாவி, ஒரு கைல பை. திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன், கை தானாப் பின்னாடி போய் அது மேல நிக்கும். நீங்க சுட்ட சத்தத்துல அவன் தலை ஒரு நொடி உங்க பக்கம் திரும்புச்சு. எனக்கு அந்த ஒரு நொடி போதுமா இருந்துச்சு.

— ஆனா நான் பாத்தேம்மா! டார்ச் அடிச்சுப் பாத்தோம். தரையெல்லாம் கண்ணாடி கிடந்துச்சே!

— அது டானிக் பாட்டில் தம்பி. பல்பு உடையவே இல்ல. நீங்கல்லாம் கிளம்பிப் போனதுக்கு அப்புறம், அணைச்ச சுவிட்ச மறுபடி போட்டேன். பளிச்சுன்னு எரிஞ்சுது.